ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு போத்தல் பானம் தேவையா?

சனிக்கிழமை மாலைகளில் கிள்ளானில் ஒரு சமூக மண்டபத்தில் நடக்கும் டேக்குவாண்டோ வகுப்புக்கு, மாஸ்டருக்கு உதவியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வகுப்பு ஒரு மணி நேரம். வரிசையில் நிற்பது, பெல்ட்டை அவிழ்த்துக் கட்டுவது, மற்றவர் உதைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் போக, உடம்பு உண்மையில் உழைப்பது முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் இருக்கும். வகுப்பு முடிந்து பிள்ளைகள் காலணியைத் தேடும் நேரத்தில் பார்த்தால், பாதிப் பேருக்கு மேல் கையில் ஐசோதோனிக் பானம். ஒன்றிரண்டு பேரிடம் எனர்ஜி டிரிங்க் டின்னும் இருக்கும்.

படிவம் 2 படிக்கும் ஒரு மாணவனிடம் ஒருநாள் கேட்டேன், "ஏன்டா தம்பி, தண்ணி கொண்டு வரலயா?"

"இது மஸில் ரிக்கவரிக்கு, அக்கா. தண்ணி குடிச்சா ரிக்கவர் ஆகாது."

பக்கத்தில் நின்ற அவன் அம்மாவும் தலையாட்டினார். மகனுக்காக வாரம் மூன்று போத்தல் வாங்குகிறாராம். வேண்டாத ஆடம்பரமாக அவர் அதை நினைக்கவில்லை. பாலும் முட்டையும் வாங்குவது போல, பிள்ளையின் உடம்புக்குச் செய்யும் ஒரு கடமையாகத்தான் நினைக்கிறார். பிரிக்பீல்ட்ஸில் கராத்தே கற்பிக்கும் என் தோழியும், சிலம்பம் சொல்லித்தரும் ஓர் அண்ணனும் இதையேதான் சொன்னார்கள். பெரிய போட்டியாளர்களுக்காகப் பேசப்பட்ட 'தசை மீட்சி' என்ற சொல், மஞ்சள் பெல்ட் வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கும் அந்தப் போத்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம்.

விளையாட்டுப் பானத்தின் கதை 1965-இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. வெயிலில் மணிக்கணக்காக விளையாடிய கால்பந்து வீரர்கள் துவண்டு விழுந்தார்கள். ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தண்ணீர், உப்பு, சர்க்கரை கலந்து ஒரு பானம் செய்து கொடுத்தார்கள். அந்த அணியின் பெயர் 'கேட்டர்ஸ்'. பானத்துக்கும் கேட்டரேட் என்று பெயர் வந்தது. நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த 100பிளஸ், 1983-இல் வந்தது. 1883-இல் தொடங்கிய பிரேசர் அண்ட் நீவ் நிறுவனத்தின் நூறாவது ஆண்டு அது. பெயரில் உள்ள நூறு அதைத்தான் குறிக்கிறது. நான் சிறுவயதில் அது நூறு விழுக்காட்டுச் சக்தி என்று நினைத்திருந்தேன்.

தண்ணீரோடு உப்பும் சர்க்கரையும் எதற்கு? குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் வாசல்கள் இருக்கின்றன. அவை இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னால் போகிறது. இதே அறிவுதான் உயிர்காக்கும் மருந்தாகவும் ஆனது. 1971 வங்காளதேசப் போரின்போது பொங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. அப்போது டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலை டிரம்களில் கலந்து குடிக்கக் கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காடு வரை இருந்த இறப்பு விகிதம் நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

ஆக, விளையாட்டுப் பானம் அந்தக் கரைசலுக்கு உறவுக்காரன்தான். ஆனால் தூரத்து உறவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கரைசலில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். வழக்கமான விளையாட்டுப் பானத்தில் அது 50, 60 கிராம். அதாவது சுமார் நான்கு மடங்கு. சோடியம் கணக்கு தலைகீழ். கரைசலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பானத்தில் இருக்கும். காரணம் எளிது. உப்பு கூடினால் யாரும் விரும்பிக் குடிக்க மாட்டார்கள்.

இனி தசைக்கு வருவோம். குதிரை நிலையில் மெல்ல இறங்கும்போது, எகிறி உதைத்துவிட்டுத் தரையில் காலூன்றும்போது, தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அப்போது தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. மறுநாள் படி இறங்க முடியாமல் தொடை வலிப்பதற்கு அதுவும், அதைத் தொடரும் அழற்சியும்தான் காரணம். அந்த வலி ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்து தானாக அடங்கும். "லாக்டிக் அமிலம் தங்கிவிட்டது, அதைக் கழுவி விடணும்" என்று பயிற்சியாளர்கள் இன்னமும் சொல்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் நம்பினேன். ஆனால் பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் லாக்டேட் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. மறுநாள் வலிக்கு அதன் மேல் பழி போட முடியாது.

கிழிந்த நாரைத் தைக்கப் புரதம் வேண்டும். தைக்கும் வேலை பெரும்பாலும் ஓய்வில் நடக்கிறது. ஒரு போத்தல் ஐசோதோனிக் பானத்தைத் திருப்பி, பின்னால் உள்ள அட்டவணையில் புரதம் எத்தனை கிராம் என்று பாருங்கள். பெரும்பாலும் பூஜ்யம். அந்தப் பானம் திருப்பித் தரக்கூடியது மூன்றுதான்: தண்ணீர், கொஞ்சம் உப்பு, தசையில் எரிந்துபோன சர்க்கரைச் சேமிப்பு. அந்தச் சேமிப்புக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். நாற்பது நிமிடப் பயிற்சியில் அது தீர்ந்துவிடாது. தீர்ந்த கொஞ்சத்தை இரவுச் சோறே நிரப்பிவிடும்.

அந்த மாணவன் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு என்று நான் நினைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் முழுவதுமே தலைகீழ். தசையைச் சரிசெய்யும் பொருள் அந்தப் போத்தலில் இல்லை. அதில் உள்ள பொருளோ, அவன் வீட்டில் ஏற்கெனவே அதிகம்.

இந்த இடத்தில் வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு நம் நாட்டில் லிட்டருக்கு 40 சென் கலால் வரி விதிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அது 50 சென் ஆனது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மேலும் 40 சென் உயர்வு அறிவிக்கப்பட்டு, அளவு 90 சென்னுக்கு வந்திருக்கிறது. நல்ல நடவடிக்கைதான். பல நிறுவனங்கள் வரிக்குப் பயந்தாவது சர்க்கரையைக் குறைத்தன. ஆனால் கோடு 5 கிராமில் கிழிக்கப்பட்டிருக்கிறது. 4.8 கிராம் உள்ள பானம் வரிக்குள் வராது. அப்படிப்பட்ட பானத்தில் அரை லிட்டர் குடித்தால் உள்ளே போவது 24 கிராம் சர்க்கரை. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில், சேர்க்கப்படும் சர்க்கரையை அன்றாடச் சக்தியில் 10 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்கிறது. 5 விழுக்காட்டுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 விழுக்காடு என்பது 25 கிராம். வரி இல்லாத ஒரே போத்தலில் ஒருநாள் கணக்கு முடிந்துவிடுகிறது. காலையில் குடித்த மைலோவும் மாமாக் கடைத் தே தாரேக்கும் இன்னும் கணக்கில் சேரவில்லை.

வாரம் மூன்று போத்தல் என்றார் அந்த அம்மா. ஐம்பது வாரத்துக்குப் பெருக்கினால் 3.6 கிலோ சர்க்கரை. அவருக்கே நீரிழிவு இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையேதான் தொடர்ந்து அதிகமாக இருந்துவருகிறது என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. நம் வீடுகளில் யாராவது ஒருவர் விரல் நுனியைக் குத்திக்கொண்டிருக்கிறார். உடற்பயிற்சி அந்த நோயைத் தள்ளிப்போடும் நல்ல வழிகளில் ஒன்று. பயிற்சிக்குப் போகும் பிள்ளை அந்தப் பயனில் ஒரு பகுதியை மண்டப வாசலிலேயே போத்தலில் திரும்பக் குடித்துவிட்டு வருகிறது.

நான் சொல்வதைப் புதுக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-லேயே இதைச் சொல்லிவிட்டது. நீண்ட நேரம் கடுமையாக விளையாடும் பிள்ளைகளுக்கு மட்டும் விளையாட்டுப் பானம் உதவலாம். சாதாரணப் பயிற்சிக்குத் தண்ணீர் போதும். கஃபீன் உள்ள எனர்ஜி டிரிங்க் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம் என்பது அதன் முடிவு. 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், விளையாட்டுப் பொருள் விளம்பரங்களின் பின்னால் இருக்கும் ஆய்வுகளைத் துருவிப் பார்த்து, பல வாக்குறுதிகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதியது. ஆய்வு என்றதும் தலையாட்டிவிடக் கூடாது. யார் மேல் செய்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். எனக்குச் சாதகமான ஆய்வுக்கும் இதே விதிதான். சாக்லெட் பால் விளையாட்டுப் பானத்துக்குக் குறைந்ததல்ல என்று காட்டிய 2006 இந்தியானா ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் ஒன்பது பேர். எல்லாரும் பயிற்சி பெற்ற சைக்கிள் ஓட்டிகள். நிதியில் ஒரு பகுதி பால்துறை அமைப்பிடமிருந்து வந்தது.

அப்படியென்றால் அந்தப் போத்தலுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. போட்டி நாளில்.

டேக்குவாண்டோவில் ஓர் ஆட்டம் இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று. கராத்தே குமித்தேயில் பெரியவர்களுக்கு மூன்று நிமிடம், இளையவர்களுக்கு இரண்டு. கேட்கும்போது சின்னதாகத் தெரியும். ஆனால் நன்றாக ஆடுகிறவர் ஒரே நாளில் நான்கு, ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். இடையில் அரை மணி நேரம் கிடைத்தாலும் கிடைக்கும், மூன்று மணி நேரம் ஆனாலும் ஆகும். ஒழுங்காகச் சாப்பிட முடியாது. வயிறு பதற்றத்தில் எதையும் ஏற்காது. மண்டபம் வெந்து கிடக்கும். தடித்த சீருடை, மார்புக் கவசம், தலைக்கவசம் வேறு. அந்த நாளில் ஆட்டத்துக்கு ஆட்டம் நாலு வாய், ஐந்து வாயாக விளையாட்டுப் பானம் குடிப்பது அறிவான செயல். விரைவாக மீள வேண்டிய நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஒரு கிராம் அளவில் மாவுச்சத்து எடுக்கச் சொல்கிறது விளையாட்டு ஊட்டச்சத்தியல். ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் பானமுமாக அதை நெருங்கலாம். வாயு நிரப்பிய பானமாக இருந்தால் முன்கூட்டியே திறந்து வாயுவைப் போகவிடுங்கள். ஏப்பத்தோடு ஆட்டக் களத்துக்குள் போன அனுபவம் எனக்கு உண்டு.

வெயிலையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2023 ஏப்ரல் இறுதியில், வெப்பம் கடுமையாகிக் கிளந்தானில் ஒரு சிறுவன் வெப்பத் தாக்கத்தால் உயிரிழந்த பிறகு, கல்வி அமைச்சு பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. நம் பருவநிலையில் தண்ணீர் குடிப்பது உண்மையாகவே உயிர்ப் பிரச்சினை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஈடுகட்ட வேண்டும். ஒரு மணி நேர வகுப்பில் பெரும்பாலோருக்கு அரைக் கிலோவோ அதற்குச் சற்று மேலோ குறையும். உப்பு போட்ட மோர் இருந்தால் இன்னும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. தாகத்துக்கு அருமை, ஆனால் வியர்வையில் போகும் உப்பை அது மட்டும் திருப்பித் தராது.

எழுத வேண்டாம் என்று முதலில் நினைத்த ஒன்று இருக்கிறது. ஆனால் அதுதான் இந்த விஷயத்தில் உண்மையான ஆபத்து.

எனக்கு அப்போது பதினைந்து வயது. ஒரு போட்டிக்கு இரண்டு நாள் முன்பு என் பிரிவின் வரம்பைவிட ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்தேன். சோற்றை நிறுத்தினேன். தண்ணீரை நிறுத்தினேன். டிராக்சூட்டுக்குள் பிளாஸ்டிக் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். பேருந்தில் போகும்போது ஒரு காலி போத்தலில் எச்சில் துப்பிக்கொண்டே போனேன். அப்படிச் செய்யச் சொன்னவர் கெட்டவர் அல்ல. அவருக்கு அவருடைய பயிற்சியாளர் சொன்னதை எனக்குச் சொன்னார். எடை சரியாக வந்தது. தராசைவிட்டு இறங்கிய உடனே ஒன்றரைப் போத்தல் ஐசோதோனிக் பானத்தை ஒரே மூச்சில் குடித்தேன். மேலே ஒரு பொட்டலம் நாசி லெமாக். 'ரிக்கவரி' ஆகிவிட்டது என்று நம்பினேன். இரண்டாம் சுற்றில் உதை வருவது தெரிந்தது, கால் நகரவில்லை. வெளியே வந்து வாந்தி எடுத்தேன். இரண்டு நாள் தலைவலி.

நான் தப்பித்தேன். 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில், ஒரே மாத அளவுக்குள், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கும்போது இறந்தார்கள். ரப்பர் உடை, சூடான அறை, தண்ணீர் இல்லை. அதன் பிறகுதான் அங்கே ரப்பர் உடைகளைத் தடைசெய்தார்கள். எடை பார்க்கும் நேரத்தையும் மாற்றினார்கள். 2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக மணிலா வந்த சீன வீரர் யாங் ஜியான் பிங் இதே காரணத்தால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 21.

வினேஷ் போகாட்டை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2024 ஆகஸ்ட் 6, பாரிஸ். 50 கிலோ பிரிவில் காலையில் எடை சரியாக இருந்தது. அன்று மூன்று ஆட்டம் ஆடினார். அதில் ஒன்றில், அதுவரை அனைத்துலகப் போட்டியில் தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாக்கியை வென்றார். ஆட சக்தி வேண்டும் என்பதால் இடையிடையே உணவும் நீரும் எடுத்துக்கொண்டார். மாலைக்குள் எடை 2.7 கிலோ கூடிவிட்டது. இரவெல்லாம் ஓடினார், நீராவி அறையில் இருந்தார், முடியைக்கூட வெட்டினார்கள். மறுநாள் காலை 100 கிராம் கூடுதல். இறுதி ஆட்டம் போயிற்று. அந்த 100 கிராமைப் பற்றித்தான் உலகம் பேசியது. எனக்கு அந்த 2.7 கிலோ தான் மனதில் நின்றது. வற்றிப்போன உடம்புக்கு நீர் கிடைத்தால், அது எவ்வளவு வேகமாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது! அவருக்குப் பின்னால் மருத்துவரும் ஊட்டச்சத்து நிபுணரும் இருந்தார்கள். கிள்ளானில் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்களுக்கான 50 கிலோ கராத்தே பிரிவில் நம் சி. ஷாமளாராணி தங்கம் வென்றபோது என் தோழியின் வகுப்பில் சேர வந்த பெண்பிள்ளைகள் கூடினார்களாம். மகிழ்ச்சியான செய்தி. தேசிய நிலை வீரர்களுக்குப் புக்கிட் ஜாலிலில் விளையாட்டு மருத்துவமும் ஊட்டச்சத்து ஆலோசனையும் கிடைக்கின்றன. மாவட்ட நிலையில் ஆடுபவருக்குக் கிடைப்பது சீனியர் சொல்லும் ரகசியமும் டிக்டாக் காணொளியும்தான். பதக்க நாளின் படத்தை எல்லாரும் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் உள்ள சாப்பாட்டு அட்டவணையை யாரும் பார்ப்பதில்லை.

சாப்பாடு என்றதும் விலை உயர்ந்த புரதப் பொடி வேண்டுமோ என்று கேட்பார்கள். ஒரு வேளைக்கு உடல் எடையின் கிலோவுக்குக் கால் கிராம் புரதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 15 கிராம். இரண்டு முட்டையில் 12, 13 கிராம் வந்துவிடுகிறது. கூட ஒரு கோப்பை பால் குடித்தால் இருபதைத் தொடும். சைவம் என்றால் 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம். நம் வீடுகளில் தெம்பே இன்னும் விருந்தாளியாகத்தான் இருக்கிறது, அது எனக்குப் புரியாத விஷயம். சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன் அல்லது கோழி, கீரை. அம்மா வழக்கமாக வைக்கும் தட்டுதான். பொடிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. லேபிளில் சொல்லாத தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவது ஆட்டக்காரர்தான், விற்றவர் அல்ல.

தூக்கத்தைப் பற்றி மட்டும் எனக்கும் பதில் இல்லை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். எஸ்பிஎம் எழுதப்போகும் பிள்ளை டியூஷன் முடிந்து வீடு வர இரவு பத்து மணி. காலை ஐந்தரைக்கு எழ வேண்டும். தசையைத் தைக்கும் நேரத்தையே நாம் எடுத்துக்கொண்டுவிட்டு, போத்தலில் அதைத் தேடுகிறோம்.

போன சனிக்கிழமை அந்தப் படிவம் 2 மாணவன் தண்ணீர் கொண்டு வந்திருந்தான். பானத்தை விட்டுவிட்டானா என்று சந்தோஷப்பட்டேன். அதற்காக இல்லையாம். அடுத்த மாதம் போட்டி. அவன் பிரிவுக்கு இரண்டு கிலோ கூடுதல். இனிப்பையும் சோற்றையும் நிறுத்திவிட்டானாம். அடுத்த வாரம் தண்ணீரையும் குறைக்கப் போகிறேன் என்றான், பெருமையாக.

மாஸ்டரிடம் போனேன். என் பதினைந்து வயதுக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெயர்ப் பட்டியலை எடுத்து, அவன் பெயரை அடித்து, அடுத்த எடைப் பிரிவில் எழுதினார். அவனைக் கூப்பிட்டுச் சொன்னபோது முகம் வாடிப்போனது.

"அங்க எல்லாரும் என்னைவிட உயரமா இருப்பாங்களே, அக்கா?"

"இருப்பாங்க" என்றேன். "சாப்பிட்டுட்டு வந்து ஆடு."